வெண்டல் மறுபடியும் நிற்கிறான்

ஹார்ட்விக், நெப்ராஸ்கா
பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா ஆர்டிஸுக்கு,

உன் காது எப்படி இருக்கிறது? புது டாக்டர் கொடுத்த கருவியை மாட்டிக்கொள்கிறாயா, இல்லை மேசை டிராயரில் பத்திரமாக வைத்திருக்கிறாயா? உன்னிடம் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கிறது, உனக்கு மட்டும் கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இங்கே பனி ஜன்னல்வரை ஏறிவிட்டது. நாங்கள் இருவரும் சௌக்கியம்.

சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் மறுபடியும் நிற்கிறேன். அதே மாநிலப் பொருளாளர் பதவி, அதே சமவெளி உழைப்பாளர் கட்சி. இது ஆறாவது முறை. நீ பெருமூச்சு விடுவது மாநிலத்தின் இந்த முனை வரைக்கும் கேட்கிறது.

போன சனிக்கிழமை பவுலிங் கூடத்தின் பின்னறையில் கட்சி மாநாடு. ஒவ்வொரு தீர்மானத்தை வாசிக்கும்போதும் அடுத்த அறையில் பந்து மோதிக் கட்டைகள் சடசடவென்று சரிந்தன. அதைக் கைதட்டல் என்று வைத்துக்கொண்டோம். தலைவி ஒட்டிலி அம்மாள் எழுந்து, "இந்தத் தடவை நூத்துக்கு அஞ்சு ஓட்டாவது வாங்கலைன்னா வாக்குச்சீட்டுல இருந்து கட்சிப் பேரையே எடுத்துடுவாங்க. யார் நிக்கறீங்க?" என்று கேட்டார். எல்லோரும் குனிந்து தங்கள் காலணியைப் பார்த்தார்கள். நான் குனியக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

உன் தம்பி மனைவி லூயெல்லா நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டாள். போன தேர்தலோடு சரி என்று நான் சொல்லியிருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது சமையலறையில் ஏதோ செய்துகொண்டிருக்கிறாள். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இன்னொன்று. போன முறை உன் மாவட்டத்தில் எனக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. அங்கே எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

அன்புத் தம்பி,
வெண்டல்

*

ஷெல்பர்ன் பட், நெப்ராஸ்கா
பிப்ரவரி 26

அன்புள்ள வெண்டல்,

என் காது இருந்த இடத்தில் இருக்கிறது. உன் அத்தான் ராய்ஸுக்கு முழங்கால் வலி. பனி விழுந்தால் வலது, உருகினால் இடது. மற்றபடி அத்தானும் நானும் நன்றாக இருக்கிறோம்.

ஓட்டு விஷயம். அன்றைக்கு வண்டி கிளம்பவில்லை. இதற்குமேல் அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

ஆலங்கட்டி மழைக்கு இன்ஷூரன்ஸ் விற்பவனுக்கு எதற்குடா பொருளாளர் பதவி என்று அத்தான் கேட்கிறார். தெருவில் உன்னைப் பார்த்ததும் ஆட்கள் எதிர்ப்புறம் போய்விடுகிறார்கள் என்று நீயே முன்பு எழுதியிருந்தாய். அது பாலிசிக்குப் பயந்தா, நோட்டீஸுக்குப் பயந்தா என்று கண்டுபிடித்தாயா?

லூயெல்லா சமையலறையில் என்ன செய்துகொண்டிருந்தாள்? சும்மா கேட்கிறேன். அவள் செய்யும் இஞ்சி கேக்கை எங்கள் தேவாலய விற்பனைக்குச் செய்ய வேண்டும். செய்முறையை அவளிடம் கேட்டு எழுதி அனுப்பு. அவள் சொல்லச் சொல்ல அப்படியே எழுது, உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காதே. வாரத்தில் என்னென்ன சமைக்கிறாள், புதுத் திரைச்சீலை தைத்துவிட்டாளா, எல்லாம் விவரமாக எழுது. எனக்குப் பொழுது போகவேண்டாமா?

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
ஆர்டிஸ்

*

ஹார்ட்விக்
மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் இரண்டு முழங்காலுக்கும் என் விசாரிப்புகள். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

பதில் தாமதமாகிவிட்டது. பிரசாரம் சூடு பிடித்துவிட்டது. பழைய பலகைகளையே வெளியே எடுத்து வருஷத்தை மட்டும் மாற்றி எழுதினேன். வர்ணம் ஏறி ஏறி அந்த இடம் மட்டும் தடித்துப்போயிருக்கிறது. போன வாரம் ஐரிஷ்காரர்களின் ஊர்வலத்தில் நடந்தேன். வழக்கம்போல எங்கள் கட்சிக்குக் குதிரைகளுக்குப் பின்னால் இடம். மக்களைப் பார்த்துக் கையசைக்கவும் வேண்டும், தரையையும் பார்த்து நடக்க வேண்டும். ஆறு தேர்தலில் நான் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான்.

நீ கேட்ட செய்முறை. லூயெல்லா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதுகிறேன். மாவு, போதுமான அளவு. இஞ்சி, வாசனை வரும்வரை. முட்டை, வீட்டில் இருப்பதைப் பொறுத்து. வெண்ணெய் கொஞ்சம் தாராளமாக. எல்லாவற்றையும் கலந்து, கேக் ஆகும்வரை அடுப்பில் வைக்கவும். கருகிப்போனால் மேல்பக்கத்தைச் சுரண்டிவிட்டால் யாருக்கும் தெரியாது என்கிறாள்.

நேற்று மாட்டிறைச்சி வறுவல் செய்தாள். முந்தாநாளும் அதையே செய்தாள். எனக்குப் பிடிக்கும் என்று செய்கிறாள். திரைச்சீலை முடிந்துவிட்டது, நல்ல நிறம்.

அன்புத் தம்பி,
வெண்டல்

*

ஷெல்பர்ன் பட்
மார்ச் 27

வெண்டல்,

எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் யார் யார் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்.

உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். அத்தான் ஒரு பக்கம் உட்கார்ந்து கேட்டார். எதிரில் லூயெல்லா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டு கேட்டாள். 'கேக் ஆகும்வரை அடுப்பில் வைக்கவும்' என்ற இடம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இங்கே வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்காக உனக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் சொல்லப்போவதில்லை.

உன் முதல் கடிதம் வருவதற்கு முன்பே அவள் வந்துவிட்டாள். இரண்டு மாதமாகப் போகிறது. 'கொஞ்ச நாள் வெளியே இருக்கிறேன்' என்று அவள் எழுதி வைத்துவிட்டு வந்ததை நீ லிங்கன் நகரத்தில் உள்ள அவள் சித்தி வீடு என்று நினைத்திருப்பாய் என்கிறாள். ஒரு போன் போட்டு விசாரிக்கக்கூட உனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்கும், விசாரித்தால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயந்திருப்பாய்.

நீ நிற்பதை அவள் எப்படித் தெரிந்துகொண்டாள் தெரியுமா? முடி திருத்தும் கடையில், முடி உலர்த்தும் எந்திரத்துக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரி செய்தித்தாளைப் படித்துக் காட்டினாளாம். உலர்த்தியின் இரைச்சலில் மூன்று தடவை கத்திப் படிக்கவேண்டியிருந்ததாம். அந்தக் கடையில் யாருக்கும் கேட்காமல் போயிருக்காது.

"நிக்கறார்னு கோபம் இல்ல அண்ணி. பவுலிங் கூடத்துல பந்து உருட்டுறவனுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல" என்று சொன்னாள். அன்றோடு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

இருபத்தேழு வருஷம் உன்னோடு குடும்பம் நடத்தியவளை வறுவல் செய்துகொண்டிருப்பதாக எழுதிவிட்டாயே. என்ன சாப்பிடுகிறாய் நீ?

ஆர்டிஸ்

*

ஹார்ட்விக்
மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் இருக்கிறேன்.

உன் கடிதத்துக்குப் பலமுறை பதில் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள' என்று எழுதியதும் பேனா நின்றுவிடும். டப்பாவில் வரும் பீன்ஸ் சாப்பிடுகிறேன். ஒருநாள் அந்தக் கேக்கைச் செய்து பார்த்தேன். எழுதியபடியே செய்தேன். சுரண்டினாலும் தெரிந்தது.

லூயெல்லாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மாநாட்டிலிருந்து திரும்பும்போது சொல்லிவிடவேண்டும் என்றுதான் வந்தேன். வீட்டில் அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாளும் நல்ல மனநிலையில் இருந்தாள். ஐந்து தேர்தலில் ஆயிரக்கணக்கான பேரிடம் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குள் இருக்கும் ஒருத்தியிடம் சொல்ல வாய் வரவில்லை.

இதற்கிடையில் இங்கே ஒரு காரியம் நடந்துவிட்டது. பெரிய கட்சிகளில் ஒன்றின் வேட்பாளர், ஒரு பல் டாக்டர், ஒரு விதவையைக் கல்யாணம் செய்துகொண்டு அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டார். அவருக்குப் பதில் யார் என்று கட்சிக்குள் சண்டை போட்டே கெடுவைத் தாண்டவிட்டார்கள். இப்போது களத்தில் இரண்டே பேர். பதவியில் இருக்கும் பொருளாளர் ஹோலிங்கர், அப்புறம் நான்.

பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். என் படத்தைப் போட்டு, 'யார் இந்த ரோவர்?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இருபது வருஷமாக இதே ஊரில் பலகையில் தொங்குகிறேன். தெருவில் ஆட்கள் எதிர்ப்புறத்திலிருந்து கடந்து என் பக்கம் வருகிறார்கள். இப்போது நான்தான் எதிர்ப்புறம் போய்விடுகிறேன், அக்கா. தோற்பது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இதை லூயெல்லாவிடம் வாசித்துக் காட்டினாலும் சரி, காட்டாவிட்டாலும் சரி.

வெண்டல்

*

ஷெல்பர்ன் பட்
ஜூன் 19

அன்புள்ள வெண்டல்,

அத்தானுக்கு இப்போது முழங்கால் இரண்டும் ஓய்வு கொடுத்திருக்கின்றன. எனக்கும் குறையில்லை. பீன்ஸ் டப்பாவை அப்படியே சூடாக்காமல் சட்டியில் கொட்டிச் சூடாக்கு.

வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். நான் எதையும் திணிக்கவில்லை.

ஆனால் இங்கே நடப்பதை உனக்குச் சொல்லியாக வேண்டும். உன் மனைவி ஊர் முழுக்க உன்னைத் திட்டுகிறாள். தேவாலயத்துக் காப்பி மேசையில் ஆரம்பித்தது. எவ்வளவு நாள்தான் அடக்குவாள், பாவம். நீ மழையில் நின்று நோட்டீஸ் கொடுத்துக் காய்ச்சலில் விழுந்தது, சவ ஊர்வலத்தில் கையசைத்தது, தோற்ற மறுநாள் காலை ஜெயித்தவனுக்கு வாழ்த்துக் கடிதம் எழுத அவளுடைய நல்ல தாளைத் திருடியது, எல்லாவற்றையும் சொல்கிறாள். அவள் சொல்வதைக் கேட்க ஆட்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். பக்கத்து ஊர்த் தையல் வகுப்பில்கூட வந்து பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போனாள்.

போன ஞாயிறு தீவனக் கடைக்கார அம்மாள் என்னிடம், "இவ்வளவு பிடிவாதக்காரன் கையில இருந்து ஒரு காசு வெளியே போகாது. அவர்கிட்டயே மாநிலப் பணத்தைக் கொடுத்துடலாம்" என்றாள். இதை லூயெல்லாவிடம் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. "நான் அவருக்கு ஓட்டுப் போடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணி" என்றாள். அடுத்த நாள் இன்னும் கடுமையாகத் திட்டினாள். உனக்கு இன்னும் நாலு ஓட்டுக் கூடியிருக்கும்.

என் தலையில் கட்டாமல் நீயே அவளுக்கு ஒரு கடிதம் எழுது. நான் தபால்காரி இல்லை.

அக்கா,
ஆர்டிஸ்

*

ஹார்ட்விக்
ஆகஸ்ட் 2

அன்புள்ள லூயெல்லாவுக்கு,

நீ சுகமா? அங்கே வெயில் அதிகம் என்று கேள்விப்பட்டேன். மேல்மாடி அறை சூடாக இருக்குமே. ஜன்னல் திறக்கிறதா?

நான் உன்னிடம் சொல்லாமல் செய்தது தப்பு. இதைப் பேச்சாக எழுதிப் பார்த்தேன், நான்கு பக்கம் வந்தது. கிழித்துவிட்டேன்.

பெயரை வாபஸ் வாங்க இந்த மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது. வாங்கினால் கட்சி போய்விடும். ஒட்டிலி அம்மாள் என்னிடம் மறுபடி பேசமாட்டார். அதை நான் தாங்கிக்கொள்வேன். நிற்பதா, விலகுவதா என்று நீ சொல். இதை உன்னிடம்தான் முதலில் கேட்கிறேன். வேறு யாருக்கும் தெரியாது. நீ சொன்னபடி செய்வேன், அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டேன்.

புதுத் திரைச்சீலை பற்றி எழுதியது பொய். துணி மடித்தபடியே இருக்கிறது.

உன்,
வெண்டல்

*

ஷெல்பர்ன் பட்
ஆகஸ்ட் 14

வெண்டலுக்கு,

நான் சுகம். ஜன்னல் திறக்கிறது. நீங்கள் இளைத்துவிட்டதாக அடுத்த வீட்டு நோர்மா எழுதியிருந்தாள். கொஞ்சம் இளைக்கவேண்டியதுதான்.

விலகவேண்டாம்.

என்னிடம் முதலில் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நம்பாமல் ஒட்டிலிக்குப் போன் போட்டு வேறு ஏதோ விசாரிப்பதுபோலப் பேசிப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. சரி.

அக்டோபரில் வானொலியில் ஹோலிங்கரோடு விவாதம் இருக்கிறதாமே. வானொலிதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று அந்தப் பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். குரலில் தெரியும்.

எப்போது வருவேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் இன்னும் யோசிக்கவில்லை.

லூயெல்லா

*

ஷெல்பர்ன் பட்
அக்டோபர் 22

அன்புள்ள வெண்டல்,

எல்லோரும் நலம். உன் தொண்டை தேவலையா? வானொலியில் கரகரத்தது என்று அத்தான் சொன்னார்.

விவாதத்தன்று இரவு சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வானொலியைச் சுற்றி உட்கார்ந்தோம். எனக்குக் கருவியை மாட்டினாலும் இரைச்சல்தான் கேட்டது. அத்தான் பாதியில் தூங்கிவிட்டார். லூயெல்லா உட்காரவில்லை. இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்.

ஒரு கட்டத்தில் அவள் கை நின்றுவிட்டது. சட்டைக் கையிலிருந்து புகை வந்தது. நான் கத்தியதும்தான் பெட்டியைத் தூக்கினாள். "என்ன சொன்னான் என் தம்பி?" என்று கேட்டேன். "உரத்தைப் பத்தி ஏதோ" என்றாள். கருகிய சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் தீவனக் கடையில்தான் முழுக் கதையும் எனக்குத் தெரிந்தது. ஜெயித்தால் முதல் வேலையாக என்ன செய்வீர்கள் என்று அறிவிப்பாளர் கேட்டாராம். ஹோலிங்கர் ஏழெட்டுத் திட்டம் சொன்னாராம். உன் முறை வந்ததும் சத்தமே இல்லையாம். நிலையத்துக்காரர்கள் பயந்துபோய் உர விளம்பரம் போட்டுவிட்டார்களாம். விளம்பரம் முடிந்து திரும்பி வந்தபோது நீ, "முதல்ல என் பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லுவேன். வேற யார் சொல்லியும் அவளுக்குத் தெரியக்கூடாது" என்றாயாம். தீவனக் கடை அம்மாள் இதைச் சொல்லும்போது மூக்கைச் சிந்திக்கொண்டாள். தவிட்டுத் தூசி என்றாள்.

லூயெல்லாவிடம் நான் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து உன்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். ஊர்க்காரர்களுக்கு ஏமாற்றம். உனக்கு ஓட்டுக் குறையுமோ என்று அத்தான் கவலைப்படுகிறார்.

அக்கா,
ஆர்டிஸ்

*

ஹார்ட்விக்
நவம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இருவரும் சௌக்கியமாக இருக்கவேண்டும். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். இந்த முறை இதை நீ சந்தேகப்படாமல் படிக்கலாம்.

முடிவு உனக்குத் தெரியும். தோற்றேன். ஆனால் நூற்றுக்கு ஐந்து வேண்டிய இடத்தில் இருபத்தொன்று. ஒட்டிலி அம்மாள் அழுதுவிட்டார், அப்புறம் அதை மறைக்க என்னைத் திட்டினார். ஹோலிங்கர் அவராகவே போன் செய்து, "ரொம்பச் சிரமப்படுத்திட்டீங்க ரோவர்" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்ததில்லை. உன் மாவட்டத்தில் நான் ஜெயித்தே விட்டேன். உன் வண்டி கிளம்பியதற்கு நன்றி.

எண்ணிக்கை முடிந்த மூன்றாம் நாள், மத்தியானப் பஸ்ஸில் வருவதாக லூயெல்லாவிடமிருந்து தந்தி வந்தது. பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே போய் நின்றேன். இறங்கினாள். நான் யோசித்து வைத்திருந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். "பெட்டியை வாங்குங்க, கை வலிக்குது" என்றாள். வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

காரில் கிளம்பினோம். தானியக் கிடங்கு தாண்டியதும், கிழக்கு மாவட்டங்களில் ஏன் இவ்வளவு குறைச்சல் என்று கேட்டாள். அங்கே என்னைத் தெரியாது என்றேன்.

"உங்களைத் தெரிஞ்ச இடத்துலயும் குறைச்சல்தான். என்னைத் தெரிஞ்ச இடத்துலதான் விழுந்திருக்கு."

ஆமாம் என்றேன். பொய் சொல்லி மாட்டிக்கொள்ள எனக்கு இனிமேல் தெம்பு இல்லை.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "அடுத்த தடவை நான் நிக்கலாம்னு இருக்கேன்" என்றாள். "இன்னும் யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். டயர் காற்று இறங்கிவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றேன். பின்னால் வந்த ஒரு டிராக்டர்காரர் உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். அவரும் எனக்கு ஓட்டுப் போட்டாராம்.

இதை உனக்கு எழுத அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அடுத்த வாரம் ஒட்டிலி அம்மாளிடம் அவளே போய்ச் சொல்வாள். தேர்தலுக்கு நான்கு வருஷம் இருக்கிறதே, என்ன அவசரம் என்று கேட்டேன். எல்லாவற்றையும் கடைசி நேரத்துக்கு விட்டதால்தான் நான் ஆறு முறை தோற்றேனாம்.

இப்போது உள் அறையில் கண்ணாடி முன் நின்று, 'என் பேர் லூயெல்லா ரோவர்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதலில் யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது. இப்போது தேறிவிட்டது. என்னைக் கூப்பிடுகிறாள். பத்திரிகைக்காரன்போல எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கவேண்டுமாம், கேட்பது கடுமையாக இருக்கவேண்டுமாம்.

வீட்டை விட்டுப் போகும்போது ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பிப்ரவரியிலிருந்து என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்கமாட்டேன். வங்கி வட்டியைப் பற்றிக் கேட்கப்போகிறேன்.

அன்புத் தம்பி,
வெண்டல்